பழைய பக்கத்தின் மேல் எழுதாமலிருப்பது

அன்புள்ள கதிரவனுக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சிறிய தரவுத்தளத்தில் மின்தடைக்குப் பிறகு பதிவுகள் சிதைந்துபோன சிக்கல் என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். அது தீர்ந்துவிட்டது. நீங்களும் இதே வகைக் கருவிகளை வைத்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஃபைல் 4 கேபி பக்கங்களால் ஆனது. ஒரு பதிவு மாறினால், அது இருக்கும் பக்கத்தைத் திருத்தி அதே இடத்தில் எழுதும்படி பழைய நிரல் அமைந்திருந்தது. செக்டார் என்பது வட்டு ஒரே முறையில் எழுதும் மிகச் சிறிய துண்டு. 512 பைட் செக்டார் கொண்ட வட்டில் ஒரு பக்கம் என்பது எட்டு செக்டார். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் சில செக்டார்கள் புதியவையாகவும் மற்றவை பழையவையாகவும் நின்றுவிடும். சிதைந்த பக்கம் ஒன்றை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் டம்ப்பில் பார்த்தேன். தலைப்பு 41 பதிவுகள் என்றது. கடைசிப் பதிவு இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஸ்லாட் சுட்டிய இடத்திலோ வெறும் சுழியங்களே இருந்தன. உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுச் சேமிக்கும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் வைத்திருந்தால் பக்கம் கெட்டது என்று தெரிந்திருக்கும், அவ்வளவுதான்; பழையதன் மேலேயே எழுதிவிட்ட பிறகு மீட்க எதுவும் மிஞ்சுவதில்லை.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, பக்கங்களை முதலில் டபுள்ரைட் பஃபர் என்ற தனி இடத்தில் எழுதிவிட்டுத்தான் உரிய இடத்தில் எழுதுகிறது; போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், மாறிய பக்கங்களை வட்டில் எழுதி முடிக்கும் ஒவ்வொரு செக்பாயிண்டுக்குப் பிறகும் பக்கம் முதன்முறை மாறும்போது முழுப் பக்கத்தையும் மாற்றங்களின் பதிவேடான லாகில் போட்டு வைக்கிறது. இரண்டும் நல்ல வழிகளே. ஆனால் எங்கள் சிறிய ஃபைலுக்கு, மேலெழுதுவதையே விட்டுவிடுவதுதான் தெளிவான வழி என்று எனக்குத் தோன்றியது. எல்எம்டிபி என்ற சிறிய தரவுத்தள நூலகம் செய்வது இதுதான். ஐபிஎம் ஆய்வாளர் ரேமண்ட் லோரி 1977-இல் நிழல் பக்கங்கள் (பழைய பக்கத்தை விட்டுவைத்துப் புதியதை வேறிடத்தில் எழுதும் முறை) பற்றி எழுதியதன் அடிப்படையும் இதுவே.

இப்போது மாறும் பக்கத்தின் நகலைக் காலியான வேறிடத்தில் எழுதுகிறோம். அந்தப் பக்கத்தைச் சுட்டும் மேல்நிலைப் பக்கமும் மாற வேண்டியிருப்பதால், பக்கங்களை மரம்போல அடுக்கும் பி-ட்ரீயின் வேர் வரை அந்தப் பாதை முழுவதும் புதிதாகிறது. மரம் மூன்று நிலை என்றால், ஒரு பதிவுக்காக 12 கேபி எழுத வேண்டும். ஃபைலின் தொடக்கத்தில் இரண்டு மெட்டா பக்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பரிவர்த்தனை எண், வேரின் முகவரி, செக்சம் ஆகியவை இருக்கும். அவற்றில் மாறி மாறி எழுதி, திறக்கும்போது செக்சம் பொருந்துபவற்றுள் பெரிய எண் கொண்டதை ஏற்கிறோம். மெட்டா எழுதும் நொடியில் மின்சாரம் போனாலும் முந்தைய மரம் தொடப்படாமல் அப்படியே இருக்கும்.

இதில் வரிசைதான் உயிர். தரவுப் பக்கங்களுக்கு எஃப்சிங்க் (எழுதியவை வட்டைச் சேரும்வரை காத்திருக்கும் கட்டளை) முடிந்த பிறகே மெட்டா பக்கம் எழுதப்பட வேண்டும். இல்லையேல் இயக்குதளம் மெட்டாவை முந்தி வட்டுக்கு அனுப்பிவிடக்கூடும், அப்போது அது இன்னும் எழுதப்படாத வேரைச் சுட்டி நிற்கும். மெட்டாவுக்கும் தனியாக ஓர் எஃப்சிங்க் உண்டு. வேகத்துக்காக இவற்றில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கவில்லை.

இம்முறை எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். நிழல் பக்கங்களைப் பயன்படுத்திய, ஐபிஎம்மின் ஆய்வுத் தரவுத்தளமான சிஸ்டம் ஆர் குழுவினரே, பெரிய ஃபைல்களுக்கு லாக் மட்டும் போதும் என்ற வழியை வைக்காததற்காக 1981-இல் வருந்தி எழுதினார்கள். எங்களுக்கும் ஒரு தொல்லை மீதமிருக்கிறது: பழைய மரத்தை யாரேனும் வாசித்துக்கொண்டிருக்கும்வரை அதற்குப் பின் விடுபட்ட பக்கங்களைத் திரும்பப் பயன்படுத்த முடியாததால், நீண்ட வாசிப்பு ஒன்று இருந்தால் ஃபைல் வளர்ந்துகொண்டே போகிறது. உங்கள் கருவிகளில் அறிக்கை தயாரிக்கும் நிரல் எவ்வளவு நேரம் வாசிப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று பார்த்து எழுது. வாசிப்புக்கு நேர வரம்பு வைப்பதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
இளங்கோ