பஜ்ஜி பேப்பரில் படம் வரைந்த அண்ணனுக்கு

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில், கழுத்தில் ஐடி கார்டோடு நின்ற அண்ணனுக்கு இந்த நன்றி. பதற்றத்தில் பெயர் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் தம்பிக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன். காண்ட்ரோசார்கோமா, ஒரு வகை எலும்புப் புற்றுநோய். கீமோவுக்கு அவ்வளவாக மசியாத கட்டி, வெட்டித்தான் எடுக்க வேண்டும். 'நேவிகேஷன் வைத்துச் செய்கிறோம்' என்று காலையில் சொல்லியிருந்தார்கள். ரோபோ வெட்டப்போகிறது என்று நினைத்து அம்மா அழுதுகொண்டிருந்தார்.

நீங்கள் பஜ்ஜி மடித்த பேப்பரில் இடுப்பெலும்பை வரைந்தீர்கள். சி.டி.யையும் எம்.ஆர்.ஐ.யையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, கட்டி எதுவரை, எங்கே வெட்டுவது என்று முன்பே கோடு போட்டுவிடுவார்களாம். எலும்பில் ஒரு சின்னக் கருவியைத் திருகி வைப்பார்கள். அகச்சிவப்பு கேமரா அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்புறம் கூர்முனைக் கருவியால் எலும்பைப் பல இடங்களில் தொட்டு, படமும் உடம்பும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகுதான் ரம்பம். "அது வழிதான் காட்டும்மா, வெட்டுறது டாக்டர் கைதான். யாராவது குறுக்கே நின்னு கேமராவை மறைச்சா வழியும் காட்டாது" என்றீர்கள். அம்மா சிரித்தேவிட்டார். அன்று முழுக்க அந்த ஒரு சிரிப்புதான்.

கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல எலும்பையும் சேர்த்தே எடுத்தார்கள். வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. இடுப்பு மூட்டு தப்பியது. தம்பி இப்போது கைத்தடியோடு மாடிப்படி ஏறுகிறான்.

டீக்காசையும் நீங்களே கொடுத்துவிட்டுப் போனீர்கள். அந்தப் பேப்பர் அவனுடைய ஃபைலில் இருக்கிறது, எண்ணெய்க் கறையோடு.