பால் மறந்த குட்டியின் தண்ணீர்க் கணக்கு

பாப்பா,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. முதல் யானைச் சீல் குட்டியிலேயே கணக்கு கோணிவிட்டது, கொழுப்பு இவ்வளவு குறைவாக இருக்க வாய்ப்பே இல்லை என்றாய். போனை வைத்ததும் நானும் பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், வேதியியல் வாத்தியாருக்கு ரிட்டையர் ஆனாலும் கை சும்மா இருக்காதே.

அம்மாவுக்கு உன் வேலையை இப்படித்தான் விளக்கினேன். அண்டாவில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது, கவிழ்த்து அளக்கவும் முடியாது. எடை தெரிந்த உப்பைப் போட்டு நன்றாகக் கலக்கி, ஒரு கரண்டி எடுத்து அதில் உப்பு எவ்வளவு என்று பார்த்தால் போதும். உனக்குக் குட்டிதான் அண்டா, ஊசியில் போடுகிற கனநீர், அதாவது கனத்த ஹைட்ரஜன் உள்ள தண்ணீர், உப்பு, பிறகு எடுக்கிற ரத்தம் கரண்டி. 1934இல் ஹெவெசி, ஹோஃபர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மனித உடம்பின் தண்ணீரை அளந்ததும் இதே வழிதான். இல்லாவிட்டால் கொன்று, அரைத்து, உலர்த்திப் பார்க்க வேண்டும். கொழுப்பு நீங்கலான உடம்பில் 73 சதவீதம் தண்ணீர் என்று நீங்கள் இன்றும் போடுகிற எண்கூட 1945இல் கினிப் பன்றி போன்ற விலங்குகளை அப்படிச் செய்து பார்த்த கணக்குகளிலிருந்து வந்ததுதான், பாவம்.

சரி, உன் குட்டிக்கு வருவோம். 130 கிலோ எடை, உள்ளே 50 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள். 50ஐ 0.73ஆல் வகுத்தால் சதை, எலும்பு எல்லாம் சேர்ந்து 68 கிலோ சொச்சம், மீதி 61 கிலோவுக்கு மேல் கொழுப்பு. இப்போது கனநீரில் பத்தில் ஒரு பங்கு சிரைக்குள் போகாமல் சிந்திவிட்டது என்று வை. ரத்தத்தில் அது குறைவாகத்தான் தெரியும், அண்டா பெரிது என்று நீ நினைத்துக்கொள்வாய், 50 என்பது 55.6 ஆகிவிடும், கொழுப்பு 54க்கு இறங்கிவிடும். குட்டி ஒரு கிராம்கூட இளைக்கவில்லை, உன் நோட்டில் மட்டும் ஏழரைக் கிலோ காணோம். ஏழரை என்றதும் அம்மா சனியை இழுத்துவிட்டாள், அது வேறு கதை.

இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்காமல் ரத்தம் எடுத்துவிட்டோமோ என்று கேட்டாயே, அதுவாக இருக்காது. சரியாகக் கலக்காத ரத்தத்தில் கனநீர் தூக்கலாக இருக்கும், அப்போது கொழுப்பு கூடத்தான் வரும். உனக்குக் குறைந்திருக்கிறது. அதனால் ஊசியைத்தான் சந்தேகப்படுவேன். முதுகுத்தண்டை ஒட்டிய அந்தச் சிரைக்குள் நுனி முழுசாக இறங்கியதா, பாதி மருந்து பக்கத்துத் திசுவிலேயே தேங்கிவிட்டதா? சிரிஞ்சை ஊசி போடும் முன்னும் பின்னும் தராசில் வைத்தாயா, இல்லை அதிலுள்ள அளவுக் கோட்டை மட்டும் பார்த்து எழுதினாயா?

நானும் ஒருமுறை தப்பான டைட்ரேஷன் விடைக்காக ஒரு பையனை வகுப்பு முழுக்க நிற்கவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் நான் கொடுத்த பிப்பெட்டின் நுனி உடைந்திருந்தது. மறுநாள் அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, இன்னும் உறுத்துகிறது.

அந்த ஏழரைக் கிலோ சின்ன விஷயம் இல்லை. தாய் விட்டுவிட்டுக் கடலுக்குப் போன பிறகு குட்டி இரண்டு மாதத்துக்கு மேல் தின்னாமல் குடிக்காமல் கிடக்கிறது, சாப்பாடும் தண்ணீரும் அந்தக் கொழுப்புதான். ஒரு கிலோ கொழுப்பு எரிந்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலேயே தண்ணீர் வருகிறது என்பதை நானே சமன்பாடு எழுதிப் பார்த்துத்தான் நம்பினேன். இதே கொழுப்பை எண்ணெயாகக் காய்ச்சத்தான் 19ஆம் நூற்றாண்டில் இந்த இனத்தையே கிட்டத்தட்ட அழித்தார்கள். நீ நிற்கிற கலிபோர்னியாவின் ஆன்யோ நுவேவோவில், தீவை விட்டுப் பெருநிலக் கரையில் முதல் குட்டி பிறந்ததே 1975இல்தான், என் கல்லூரிக் காலம்.

அடுத்த குட்டிக்குச் சிரிஞ்சின் எடையை இரண்டு தடவையும் எழுதி எனக்கு அனுப்பு, நானும் போட்டுப் பார்க்கிறேன். அப்புறம், குட்டிகளின் முதுகில் தலைமுடிச் சாயத்தால் அடையாளம் எழுதுகிறீர்களாமே, உப்புத் தண்ணீரிலும் போகாத அந்தச் சாயம் எந்தக் கம்பெனி என்று அம்மா கேட்கிறாள். எனக்குத்தானாம்.

அப்பா