எங்கள் தெருவிலும் தலைக்கட்டு வரி வாங்குங்கள்

மேலூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரின் அம்பலகாரர்களுக்கும் திருவிழாக் கமிட்டியாருக்கும் வணக்கம்.

பங்குனிப் பொங்கலுக்குச் சாட்டப்போகிறீர்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்க, ரசீது நோட்டும் கையுமாக வீடு வீடாக வருவீர்கள். வழக்கம்போல ஊருணிக்கரையோடு திரும்பிவிடாமல் இந்த வருஷம் எங்கள் தெருவுக்கும் வாருங்கள்.

"வரி வாங்காமல் விட்டால் உனக்கு லாபம்தானே?" என்று உங்களில் ஒருவரே சிரித்தார். வரி கொடுத்தவன்தான் ஊர்க் கூட்டத்தில் உட்காரலாம், வரவு செலவு கேட்கலாம். அவன் வீட்டு முளைப்பாரிதான் கோயில் வாசலில் மற்றதோடு சேரும். அது தெரிந்துதானே வாங்காமல் இருக்கிறீர்கள்?

என் தாத்தா இந்தக் கோயிலுக்குப் பறையடித்தவர். கூலி நெல்லும் பொங்கச் சோறும். வாங்கிக்கொள்ள வேண்டியது கோயிலுக்குப் பின்பக்கம். அப்பா அடிக்க மாட்டேன் என்றார். அதற்கப்புறம் எங்களை யாரும் வயல் வேலைக்குக் கூப்பிடவில்லை. மதுரையில் கட்டட வேலை பார்த்துத்தான் எங்களைப் படிக்கவைத்தார். இன்றைக்குத் திருவிழாவுக்கு ரேடியோ செட்டும் சீரியல் லைட்டும் கட்டுவது என் தம்பி. போன வருஷம் அட்வான்ஸை அவனுக்கு ஜிபேயில் போட்டீர்கள். கோயில் பணம் எங்கள் வீட்டுக்கு வரலாம், எங்கள் வீட்டுப் பணம் மட்டும் கோயிலுக்கு ஆகாதா?

எதுவுமே மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். டீக்கடையில் தனிக் குவளை ஒழிந்தது (நன்றியைப் பேப்பர் கப்புக்குத்தான் சொல்ல வேண்டும், கடைக்காரருக்கு அல்ல). ஊர்க் கபடி டீமில் என் மகன் ஆடுகிறான். ஜெயித்த அன்று உங்கள் பிள்ளைகள் அவனைத் தோளில் தூக்கி வந்து, எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

1939 ஜூலை 8 அன்று, அதுவரை உள்ளே விடப்படாத எங்களவர்களை காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனார்; அவர்களில் நம் தும்பைப்பட்டி கக்கனும் ஒருவர். மீனாட்சிக்கு ஒட்டாத தீட்டு நம் ஊர் அம்மனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

இந்தப் பேச்சை எடுத்தாலே, "தாசில்தார் சமாதானக் கூட்டம் போடுவார், திருவிழாவே நின்றுபோகும்" என்கிறீர்கள். நீங்கள் மறுக்காமல் இருந்தால் தாசில்தாருக்கு இங்கே என்ன வேலை? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, தெரிந்த வக்கீலும் இருக்கிறார். ஆனால் கேஸ் போட்டு வாங்கிய ரசீதோடு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார எனக்கு விருப்பமில்லை.

சாட்டுவதற்கு முந்தின கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். எங்கள் தெருத் தலைக்கட்டுப் பட்டியல் எழுதித் தயாராக இருக்கிறது. மற்ற தெருவுக்கு என்ன வரியோ அதே வரி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டு ரசீதை அப்பா பெயரில் போடுங்கள்.