வேலை தேடும் மாற்றுத்திறனாளிகளுக்கு இணையவழி வழிகாட்டல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ராமநாதபுரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை வழிகாட்டல் செய்துவரும் எங்கள் சிறிய அறக்கட்டளை, அந்தப் பணியை இணையத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்திருக்கிறது. முதல் ஓராண்டுக்கு 4,60,000 ரூபாய் தேவை. குழுவில் இருப்பவர்கள் எங்களுக்குள் 60,000 ரூபாய் போட்டுவிட்டோம். மீதி 4,00,000 ரூபாய்க்காக உங்கள் முன் வந்து நிற்கிறோம்.

இப்போது எங்களிடம் இருப்பது ஓர் அறையும் இரண்டு மேசைகளும்தான். முதுகுளத்தூர், கமுதி, திருவாடானை, தொண்டி என்று மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ராமேசுவரத்துக்காரர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் பஸ் படியின் உயரம் குறையவில்லையே. துணைக்கு வரும் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ ஒரு நாள் கூலி போய்விடுகிறது. வந்த பிறகு ஒரு சான்றிதழ் குறைந்தால், இன்னொரு நாள் இன்னொரு கூலி.

வேலைக்கான வழிகளோ ஏற்கெனவே இணையத்துக்குப் போய்விட்டன. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய புதுப்பித்தலையும் இணையத்திலேயே செய்யலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுத விரும்புபவர் முதலில் 150 ரூபாய் கட்டி ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். அது ஐந்து ஆண்டுகள் செல்லும். தனியார் வேலைகளுக்கு மாநில அரசே 2020இல் ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் இணையத்தில்தான்.

பார்வையற்ற ஒருவர் இதில் எங்கே தடுக்கி நிற்கிறார் என்று பாருங்கள். அறிவிப்பு பல நேரங்களில் காகிதத்தைப் படம் பிடித்த கோப்பாக வருகிறது. எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளுக்கு அது வெறும் படம். ஒரு சொல்கூட வாயைத் திறந்து சொல்லாது. பழைய எழுத்துருவில் தட்டிய தமிழாக இருந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக உச்சரிக்கும். அதைத் தாண்டினால், வளைந்து நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்சா. அதையும் தாண்டினால், புகைப்படக் கோப்பின் அளவு 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் (கேபி), கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும் என்ற விதி.

ஆகவே அவர் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். அங்கே அவசரத்தில் கடைக்காரரின் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் போட்டு விண்ணப்பத்தை முடித்துவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டு நுழைவுச் சீட்டு எடுக்கும்போது ஓடிபி யாருடைய எண்ணுக்கோ போகிறது. படித்து முடித்து, தேர்வுக்கும் தயாராகிவிட்ட பிள்ளை தன் பதிவுக்குள் தானே நுழைய முடியாமல் நிற்கிறார். எங்கள் மேசைக்கு அதிகம் வரும் சிக்கல் இதுதான். எங்களை மிகவும் வருத்துவதும் இதுதான்.

சட்டம் தந்த உரிமைகளுக்குக் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் 4 விழுக்காடு இட ஒதுக்கீடு தந்தது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. தேர்வில் சொல்வதை எழுத ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக 20 நிமிடம் உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் அதற்குரிய கட்டத்தை நிரப்பாமல் விட்டால் அந்த உரிமை தேர்வு அறைவரை வந்து சேராது. அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நாங்கள் கேட்கும் பணத்தில் பெரும்பங்கு அப்படிப்பட்ட ஆளுக்குத்தான், இயந்திரத்துக்கு அல்ல.

ஒரு இணையதளத்தைக் கட்டி, நான்கு படிவங்களைத் தொங்கவிட்டுவிட்டு, சேவை இணையத்துக்குப் போய்விட்டது என்று சொல்ல எங்களுக்கு விருப்பம் இல்லை. வீட்டில் இருப்பவர் தன் கைப்பேசியிலிருந்து நேரம் குறித்துக்கொள்வார். குறித்த நேரத்தில் எங்கள் வழிகாட்டி அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒவ்வொரு கட்டமாக அவரையே நிரப்ப வைப்பார். பதிவு அவர் எண்ணில், கடவுச்சொல் அவர் மனத்தில். தன்குறிப்பு எழுதுவது, நேர்காணலுக்குப் பழகுவது, கணினித் தட்டச்சு கற்பது எல்லாம் இதே வழியில் நடக்கும். வழிகாட்டியாக அமர்த்தப்போவது பார்வையற்ற பட்டதாரி ஒருவரை. இந்தத் தடைகள் ஒவ்வொன்றையும் தாண்டி வந்தவருக்குத்தான் மற்றவர் எங்கே நிற்கிறார் என்பது புரியும்.

காது கேளாதவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொலைபேசி உதவி என்பது அவர்களுக்கு உதவியே அல்ல. ஊரடங்குக் காலத்தில் எங்கள் வேலை முழுவதும் தொலைபேசிக்கு மாறியபோது, அவர்கள் ஏறத்தாழ முழுதாக விடுபட்டுப் போனார்கள். வீடியோ அழைப்பு அந்தக் கதவைத் திறக்கிறது. சைகை மொழிபெயர்ப்பாளர் மதுரையிலோ சென்னையிலோ இருந்தபடியே கமுதியில் இருக்கும் இளைஞருக்கும் நேர்காணல் எடுக்கும் மேலாளருக்கும் நடுவில் பேச முடியும். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள் கிடைப்பது அரிது. இணையவழிச் சேவைக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது எங்கள் கருத்து.

செலவைச் சொல்லிவிடுகிறோம். வழிகாட்டியின் பகுதிநேர ஊதியம் மாதம் 12,000 வீதம் 1,44,000 ரூபாய். சைகை மொழிபெயர்ப்பாளருக்கு 84,000. ஒலிவாங்கியோடு கூடிய தலையணி, இரண்டு மடிக்கணினிகளுக்கு 1,00,000. குரல் மென்பொருளோடு ஒத்துப்போகும் இணையதளம் அமைத்து, பார்வையற்றவர்களைக் கொண்டே சோதித்துப் பார்க்க 90,000. தரவு ரீசார்ஜ் செய்ய வழியில்லாதவர்களுக்காக 42,000. குரல் மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இருவர், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே, தொடங்கிய என்விடிஏ உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அது தமிழும் படிக்கும்.

பலர் கேட்டார்கள்: அலுவலகத்தை மூடிவிடுவீர்களா? மாட்டோம். கைப்பேசி இல்லாதவர்களும், நேரில் பேசினால்தான் மனம் திறப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக அறையும் மேசையும் அப்படியே இருக்கும். ஆதார் நகலையும் ஊனச் சான்றிதழையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி எவரையும் கேட்கப்போவதும் இல்லை.

வங்கிக் கணக்கு விவரம் இத்துடன் உள்ள தனித்தாளில் இருக்கிறது. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதால், பெரிய தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உழைக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களின் பணத்தை வாங்க எங்களுக்கு உரிய பதிவு இல்லை, அருள்கூர்ந்து அனுப்பிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த தொழிலதிபரிடம் எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது போதும்.

பணம் தர இயலாதவர்கள் நல்ல நிலையில் உள்ள பழைய மடிக்கணினியைத் தரலாம். கடை, பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் நடத்துபவர்கள் ஒரு வேலை இடத்தைத் தந்தால் அதை எல்லா நன்கொடைக்கும் மேலாக ஏற்றுக்கொள்வோம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கை அலுவலக வாசலில் ஒட்டுவோம்; கொடுத்தவர்களுக்கு நேரடியாகவும் அனுப்புவோம். கேட்ட தொகைக்கு மேல் சேர்ந்தால், கூடுதல் பணம் முழுவதும் சைகை மொழிபெயர்ப்பாளரின் நேரத்துக்கே போகும்.

இவண்,
இணையவழிச் சேவைக் குழுவினர்,
ராமநாதபுரம்.