கிளை நூலக வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, வட்டத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் புத்தகக் கண்காட்சியும் வழக்கம்போல் நடந்தன. விவரம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூலக மாடியில் நடந்த மூன்று படக்காட்சிகளைப் பற்றி மட்டும் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் விவசாயி உறுப்பினர் ஒருவர், "கடையில நானோ யூரியான்னு அரை லிட்டர் பாட்டில் தர்றாங்க. அந்த நானோங்கிறது என்னங்க?" என்று கேட்டார். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர் என்றேன். தலையாட்டினார். ஆனால், நான் சொன்னது அவர் மனத்தில் நிற்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கண்ணால் பார்க்க முடியாததைப் படமாகக் காட்டிப் பார்க்கலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது அதன் பிறகுதான்.

முதல் காட்சியில் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2013-இல் எடுத்த 'ஒரு பையனும் அவனது அணுவும்' என்ற குறும்படத்தைப் போட்டோம். செம்புப் பரப்பின் மேல் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக ஊசிமுனையால் நகர்த்தி, 242 தனித்தனிப் படங்களாக எடுத்துக் கோத்த படம் அது. மூலக்கூறுகள் இடம்விட்டு நகராதிருக்க, மைனஸ் 268 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து எடுத்திருக்கிறார்கள். பத்துக் கோடி மடங்கு பெரிதாக்கிய படம் என்றதும் நூலகர் ஒரு பாசிப்பயறை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதைப் பத்துக் கோடி மடங்கு பெருக்கினால் சென்னையிலிருந்து மதுரை வரை நீளும். நம் விரல்நகம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வளர்கிறது என்று சொன்னபோது, முன்வரிசைப் பிள்ளைகள் கட்டைவிரலைக் கண்ணருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையவே இல்லை.

அன்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அணு என்ன நிறம்?" என்று கேட்டாள். இந்த ஆண்டு வந்ததிலேயே மிகச் சிறந்த கேள்விகளில் ஒன்று. நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அணுவோ ஒரு நானோமீட்டரிலும் சிறியது. ஆகவே நாம் சொல்கிற பொருளில் அதற்கு நிறம் கிடையாது. அந்தக் குறும்படத்தை எடுத்த ஊசிமுனைக் கருவி ஒளியால் படம் எடுப்பதில்லை. ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே ஓடும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து அதைப் படமாக்குகிறது. 1981-இல் பின்னிக், ரோரர் என்ற விஞ்ஞானிகள் இருவரும் உருவாக்கிய கருவி அது. அவர்களுக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவதாக, ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 2006-இல் உருவான, உயிரணுவின் உள்ளே நடப்பதைக் காட்டும் அனிமேஷன் படம். அதில் கைனசின் என்ற புரதம் பெரிய மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு நூலின் மேல் அடியெடுத்து வைத்து நடந்து போகும். ஓர் எட்டு வைத்தால் 8 நானோமீட்டர் நகரும். படம் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. இருட்டில் பூக்கடை அக்கா, "எங்க போகணும்னு அதுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நம் உறுப்பினரிடம் கேட்டு, அடுத்த கூட்டத்தில் சொன்னேன். அந்தப் புரதத்துக்கு எதுவும் தெரியாது. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் அதை எல்லாப் பக்கமும் ஓயாமல் இடித்துத் தள்ளுகின்றன. அந்தத் தள்ளாட்டத்தில் ஏடிபி என்னும் எரிபொருளின் ஆற்றலால் ஒரு திசையில் மட்டும் அடி முன்னேறுகிறது. நொடிக்கு நூறு எட்டுகள் வரை எடுத்து வைக்கும். படத்தில் நீரும் இல்லை, நெரிசலும் இல்லை. பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று எடுத்துவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் அது வீட்டுக்குத் திரும்பும் கூலியாள்போல நமக்குத் தெரிந்தது.

அதன் பிறகு ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். படம் முடிந்ததும் கரும்பலகையில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதுவோம்: அளந்தது எது, வரைந்தது எது. மூன்றாவது காட்சியில் இலையில் தெளித்த நானோ யூரியாவின் துகள் இலைத்துளைக்குள் நுழைவதைக் காட்டும் அனிமேஷனைப் பார்த்தபோது இது பெரிதும் உதவியது. துளையின் அகலம் மைக்ரோமீட்டர் கணக்கு, துகள் 20 முதல் 50 நானோமீட்டர் என்கிறார்கள். அப்படியானால் நுழைய இடம் உண்டு. ஆனால் நுழைந்த துகள், மூட்டையில் வரும் வழக்கமான யூரியாவுக்கு ஈடான விளைச்சல் தருமா என்பதை வயலில் அளந்துதான் சொல்ல முடியும். அதில் வேளாண் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. கேள்வியைத் தொடங்கிவைத்த அதே விவசாயி எழுந்து வந்து, துகள் நுழையும் காட்சியை 'வரைந்தது' பக்கத்தில் தம் கையால் எழுதினார். செயலாளராக இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது அந்த நிமிடம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். இதுவரை சுவரில் வேட்டியைக் கட்டித்தான் காட்டினோம். திரை ஒன்று வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். படங்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்ல நான்கு பேர் தேவை. மாணவர்களும் பெயர் கொடுக்கலாம், நூலகரிடம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்.

இடம் தந்த நூலகத்துக்கும், புரொஜெக்டர் இரவல் தந்த பள்ளிக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்