துக்கம் விசாரிக்க வராதே

லூட்டன்,
26 மே 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. பத்து நாள் டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராமே, அந்தப் பத்து நாளில் வீட்டில் என்னென்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

எல்லாம் சரி, கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தாயே, "லூட்டன் இறங்கிவிட்டதாமே, பாவம்" என்று. நம் கால்பந்துக் கிளப் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் ஒரு சீசன் ஆடிவிட்டுக் கீழே இறங்கியதைத்தான் சொல்கிறாய். அந்தப் "பாவம்" எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே ஒரு வாரமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் ஆர்சனல் ரசிகன் ஒருவன், டோட்டனம் ரசிகர்கள் இரண்டு பேர், எல்லாரும் வரிசையாக வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். "நல்லாத்தான் ஆடினீங்க, உங்களை மிஸ் பண்ணுவோம்" என்கிறார்கள். இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்து நம்மிடம் ஆறு புள்ளியும் எடுத்துக்கொண்டு போனவன் சொல்லும் ஆறுதலை எப்படி வாங்கிக்கொள்வது?

உனக்காவது விவரமாகச் சொல்லிவிடுகிறேன். நீ ஸ்கோரை மட்டும் பார்த்திருப்பாய். ஸ்கோரில் 38 ஆட்டம், 6 வெற்றி, 8 டிரா, 24 தோல்வி, 26 புள்ளி, பதினெட்டாவது இடம். இதைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் 52 கோல் அடித்திருக்கிறோம். அதையும் பார்.

நாம் இரண்டு பேரும் பரி பார்க்கில் அந்த ஈர வீட்டில் குடியிருந்தபோது பார்த்ததெல்லாம் இறக்கம்தானே. 2007இல் ஒன்று, 2008இல் ஒன்று, 2009இல் ஒன்று. மூன்று வருடம் வரிசையாக மூன்று டிவிஷன் கீழே. கடைசி வருடம் 30 புள்ளி வெட்டிவிட்டுத்தான் ஆட்டத்தையே தொடங்கவிட்டார்கள். ஏஜென்டுகளுக்குப் பணம் கொடுத்த விவகாரத்துக்கு 10, கடனிலிருந்து மீண்ட முறை சரியில்லை என்று 20. பழைய நிர்வாகம் செய்ததற்குத் தண்டனை புதிதாக வந்தவர்களுக்கும் நமக்கும். அந்த 2009 ஏப்ரலில் வெம்ப்ளியில் ஸ்கன்தார்ப்பை 3-2 என்று ஜெயித்து ஒரு கோப்பையைத் தூக்கினோம். லீக் சேர்மன் மைதானத்தில் தலைகாட்டியபோது நீ போட்ட கூச்சலில் உன் தொண்டை இரண்டு நாள் திறக்கவில்லை. கோப்பை வாங்கிய அதே மாதத்தில் லீக்கை விட்டே, அதாவது மேல் நாலு டிவிஷனையும் விட்டே வெளியேறினோம். அந்தக் கோடையில்தான் நீ சென்னைக்குப் பெட்டியைக் கட்டினாய்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஐந்து வருடம் லீக்குக்கு வெளியே கிடந்தோம். 2014இல் திரும்பி வந்தோம், 2018, 2019 என்று அடுத்தடுத்து ஏறினோம். போன வருடம் மே மாதம் வெம்ப்ளியில் கவன்ட்ரியோடு 1-1, பிறகு பெனால்டியில் 6-5, அதோடு பிரீமியர் லீக்குக்கே ஏறினோம். பெனால்டி நடந்தபோது நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எதிரே இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தே கணக்கு வைத்துக்கொண்டேன். பெல்லி ருடாக் எம்பன்சு என்று ஒரு ஆட்டக்காரர், நீ போன பிறகு வந்தவர். லீக்குக்கு வெளியே இருந்த காலத்தில் சேர்ந்து, இதே சட்டையோடு பிரீமியர் லீக் வரைக்கும் வந்துவிட்டார். அப்படி வந்த முதல் ஆள் அவர்தான்.

1992இல் பிரீமியர் லீக் வேண்டும் என்று ஓட்டுப் போட்ட கிளப்புகளில் நம்முடையதும் ஒன்று. அந்த வருடமே இறங்கிவிட்டதால் அதில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுவிட்டு, பந்திக்கு முன்பே வெளியே அனுப்பப்பட்ட கதை. உள்ளே வர 31 வருடம் ஆனது.

வந்ததும் முதல் பிரச்சினை மைதானம். கெனில்வொர்த் ரோட்டை டிவிக்காரர்களுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நமக்கு எதிர்ப்பக்கம் வரிசையாக இருந்த அந்தக் கண்ணாடிப் பெட்டிகள், பணக்கார விருந்தாளிகள் உட்காரும் அறைகள், நினைவிருக்கிறதா? அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். விளக்கு, கேமரா மேடை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1 கோடி பவுண்டு செலவு. வேலை முடியாததால் ஆகஸ்டில் பர்ன்லியோடு நடக்க வேண்டிய முதல் ஹோம் ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள். எவ்வளவு நெருக்கினாலும் 12,000 பேருக்கு மேல் கொள்ளாது. ஓக் ரோட் பக்கத்து வாசல் மட்டும் அப்படியே இருக்கிறது. வரிசை வீடுகளுக்கு நடுவே நுழைந்து, படியேறி, யாரோ வீட்டுக் கொல்லையில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டே உள்ளே போகும் அதே வழிதான். வெளியூர் பத்திரிகைக்காரர்கள் அத்தனை பேரும் அதைப் படம் எடுத்துப் போட்டார்கள். மிருகக்காட்சி சாலைக்குள் இருப்பது போல இருந்தது எங்களுக்கு.

முதல் ஆட்டம் பிரைட்டனில், 4-1 என்று தோற்றோம். செப்டம்பர் 30இல் எவர்ட்டனை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று சாய்த்தோம். கேப்டன் டாம் லாக்கியர் ஒன்று, கார்ல்டன் மோரிஸ் ஒன்று. அன்றைக்கு நான் ஊருக்குத் திரும்பிய ரயிலில் ஒரு பெரியவர் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார், கையில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு.

மேனேஜர் ராப் எட்வர்ட்ஸ், நம் பரம எதிரி வாட்ஃபோர்ட் கிளப் சில மாதத்திலேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்ட ஆள். வாட்ஃபோர்டுக்கு வேண்டாதவரை நாம் கொண்டாடுவது எனக்கு எப்போதும் தனி சந்தோஷம்.

நவம்பரில் லிவர்பூல் இங்கே வந்தது. எண்பதாவது நிமிடம் தஹித் சாங் அடித்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். கடைசியில் கூட்டிக் கொடுக்கும் இஞ்சுரி டைமில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் தலையால் முட்டி 1-1 ஆக்கினார். அவருடைய அப்பாவை அப்போது கொலம்பியாவில் கடத்தி வைத்திருந்தார்கள். சட்டையைத் தூக்கி, அப்பாவை விடுங்கள் என்று எழுதியிருந்ததைக் காட்டினார். அந்த கோலுக்காக யாரைத் திட்டுவது சொல்? பக்கத்து சீட்டுக்காரர் திட்ட வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். நாலு நாளில் அவர் அப்பா விடுதலையானார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் இரண்டு புள்ளி போனது போனதுதான்.

டிசம்பர் 5, ஆர்சனல். அன்று மிக்ஜாம் புயல் அடித்த மறுநாள். வேளச்சேரியில் உன் வீட்டுக்குள் தண்ணீர், கரண்ட் இல்லை, போன் இல்லை. உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். அதனால் அந்த ஆட்டத்தை உனக்கு நான் சொல்லவே இல்லை. 0-1, 1-1, 1-2, 2-2. பிறகு ராஸ் பார்க்லி அடித்தது கோல்கீப்பர் கைக்குக் கீழே நுழைந்து 3-2. லீக்கின் முதல் இடத்தில் இருந்த டீமை விட நாம் முன்னே நிற்கிறோம்! மூன்று நிமிடம் மாப்பிள்ளை, வெறும் மூன்று நிமிடம்தான். 3-3 ஆனது. இஞ்சுரி டைம் ஆறு நிமிடம் என்று பலகையைத் தூக்கினார்கள். ஏழாவது நிமிடத்தில் ஆர்சனலின் டெக்லன் ரைஸ் தலையால் முட்டினார், 3-4. அவரை 10 கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தார்கள். மைதானத்தைப் புதுப்பிக்க நாம் செலவழித்ததைப் போலப் பத்து மடங்கு. வெளியே வந்து டன்ஸ்டபிள் ரோட்டில் சமோசாக் கடை வாசலில் நின்று திரும்பவும் உனக்கு போன் போட்டேன். அப்போதும் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மான்செஸ்டர் சிட்டி. அதிலும் முதலில் நாம்தான் முன்னே. அதிலும் 1-2.

டிசம்பர் 16 பற்றி நிறைய எழுத முடியவில்லை. போர்ன்மத்தில் 59ஆவது நிமிடம், பக்கத்தில் யாரும் இல்லாமல் லாக்கியர் அப்படியே விழுந்தார். மாரடைப்பு இல்லை, இதயமே நின்றுவிட்டது. வெம்ப்ளியிலும் இதே போல மயங்கி விழுந்தவர்தான். எட்வர்ட்ஸ் மைதானத்துக்குள் ஓடினார். இரண்டு பக்கத்து ரசிகர்களும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். டாக்டர்கள் அங்கேயே அவரை மீட்டுவிட்டார்கள். ஆட்டம் 1-1இல் நிறுத்தப்பட்டது. இப்போது அவர் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து நியூகாசிலை 1-0 என்று ஜெயித்தபோது, ஆன்ட்ரோஸ் டவுன்சென்ட் அடித்த கோலை விட லாக்கியருக்காக எழுந்த சத்தம்தான் பெரிது.

ஜனவரி கடைசியில் பிரைட்டன் இங்கே வந்தது. 18 விநாடியில் எலைஜா அடெபாயோ முதல் கோல். மூன்று அடித்தார், மொத்தம் 4-0. மூன்று வருடத்துக்கு முன்பு நாலாவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த பையன். நாலு நாள் கழித்து நியூகாசிலில் 4-4, அதிலும் 4-2 என்று முன்னே இருந்தோம். அன்றைக்குத்தான் தப்பித்துவிடுவோம் என்று நம்பினேன். அதற்குப் பிறகு சீசன் முடியும் வரை ஒரே ஒரு வெற்றி. அடெபாயோவுக்குத் தொடையில் அடி, டிஃபென்ஸில் ஆளுக்கொரு காயம், நிறுத்த ஆள் இல்லை.

என்னை இப்போதும் தூங்கவிடாதது ஆர்சனல் இல்லை. மார்ச் 13. நிறுத்தப்பட்ட போர்ன்மத் ஆட்டத்தைத் திரும்ப முதலிலிருந்து ஆடினார்கள். பாதி ஆட்டத்தில் நாம் 3-0. முடிவில் 3-4. வேறு எந்தத் தோல்விக்கும் எதிராளியின் பணத்தைக் காரணம் சொல்லலாம். இதற்குச் சொல்ல முடியாது. இது நம் கையில் இருந்தது, நாமே விட்டோம்.

இன்னொரு வேடிக்கை பார். இந்த வருடம் கணக்கு வழக்குச் சிக்கலில் எவர்ட்டனுக்கு 8 புள்ளி வெட்டினார்கள், நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு 4. புள்ளி வெட்டு என்றால் என்ன என்று நம்மை விடத் தெரிந்தவர்கள் யார்? ஆனால் அந்த நாலு போன பிறகும் ஃபாரஸ்டுக்கு 32, நமக்கு 26. அடுத்தவன் தராசில் கல்லை எடுத்தும் நம் தட்டு கீழே இறங்கவில்லை.

அதனால்தான் "பாவம்" வேண்டாம் என்கிறேன். ஏழைக் கிளப், குட்டி மைதானம், நல்ல மனசு என்று பேசுகிறவர்கள் நாம் ஜெயித்திருக்க முடியும் என்பதையே மறந்துவிடுகிறார்கள். நாம் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. கடன் வாங்கி ஆட்களைக் குவிக்காதது சரிதான், 2009ஐப் பார்த்தவன் வேறு எப்படிச் சொல்வான்? ஆனால் போர்ன்மத்தில் ஒரு பாதியை, ஆர்சனலோடு ஏழு நிமிடத்தைக் காப்பாற்றப் பணம் தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்பா, அதுக்குத்தான் பணம் தேவை, பெஞ்சில யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு பாருங்க" என்றாள். அவள் சொன்னதும் சரியாக இருக்கலாம்.

கடைசி நாள் ஃபுல்ஹாமோடு 2-4. ஆட்டம் முடிந்து வெகு நேரம் யாரும் கிளம்பவில்லை. எட்வர்ட்ஸ் கண் சிவந்து சுற்றி வந்தார். நானும் கை தட்டினேன். தட்டிக்கொண்டே மனசுக்குள் போர்ன்மத்தின் மூன்றாவது கோலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு நடுவே பவர் கோர்ட்டில் 25,000 பேர் உட்காரும் புது மைதானம் கட்டப் போகிறார்கள். அது வந்தால் கெனில்வொர்த் ரோடு இருக்காது. அதற்கு முன்னால் ஒரு தடவை வந்துவிடு. டிக்கெட்டுக்கு நான் பொறுப்பு. நீ விட்டுவிட்டுப் போன ஆரஞ்சு மஃப்ளர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஒரு ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. ஆகஸ்டில் சீசன் தொடங்குகிறது. அம்மாவின் இரண்டாவது கண் ஆபரேஷன் எந்த மாதம் என்று எழுது, அதைப் பார்த்துத் தேதி வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் மச்சான்