வைன் பரிமாறும் போட்டி: வெப்பமானிக்கும் புள்ளி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹோட்டல் துறை மாணவர்களின் வைன் பரிமாறும் போட்டிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, லேபலை மறைத்த வைனை ருசித்து அதன் நாட்டையும் ஆண்டையும் சொல்லிவிடும் திறமையையே வியந்து பேசியிருந்தது. மேடையில் கைதட்டல் வாங்குவது அதுதான். ஆனால் புள்ளிகள் பறிபோவது பெரும்பாலும் மேசையடியில். கொழும்பில் அதற்கு முதற் காரணம் வெப்பம். எங்கள் பயிற்சிகளோ அதைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

சிவப்பு வைனை ‘அறை வெப்பநிலையில்’ கொடுக்க வேண்டும் என்று இங்கேயும் மனப்பாடம் செய்விக்கிறார்கள். அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை. 16 முதல் 18 பாகை செல்சியஸ். எங்கள் அறை 30 பாகை. அந்தச் சூட்டில் மதுசாரத்தின் வாடை மூக்கில் ஏறிப் பழவாசனையை அமுக்கிவிடும். சிவப்பு வைன் போத்தலையும் ஐஸ் வாளியில் 12 முதல் 15 நிமிடம் வைத்தெடுக்கத்தான் வேண்டும். பார்க்கும் விருந்தினர் முகம் சுளிக்கலாம். ஒரு வாய் குடித்தால் சரியாகிவிடும்.

வாளியில் ஐஸை மட்டும் நிரப்புவது அடுத்த பிழை. கட்டிகளுக்கு இடையில் காற்றுத்தான் நிற்கும், போத்தல் குளிராது. பாதி ஐஸ், பாதி தண்ணீர், போத்தலின் கழுத்துவரை. வெள்ளை வைன் 10 பாகைக்கு இறங்க அரை மணி நேரமாவது எடுக்கும். அவசரமென்றால் ஒரு கைப்பிடி உப்பு போடலாம். ஃபிரீசரில் வைத்து மறந்தால் வைன் உறைந்து விரிந்து தக்கையை வெளியே தள்ளும். கிளாஸில் ஊற்றியதும் சூடு ஏறத் தொடங்குவதால், இலக்கைவிட இரண்டு பாகை குறைவாகவே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். 150 மில்லிலீற்றரை ஒரேயடியாக ஊற்றாமல் 75 ஆக இரண்டு தடவை ஊற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஷாம்பெயினில் பிழை விட்டால் ஆபத்தும் சேர்ந்தே வரும். போத்தலுக்குள் ஏறத்தாழ ஆறு வளிமண்டல அமுக்கம். கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சூடு ஏற அமுக்கமும் ஏறும். தக்கையை இறுக்கிப் பிடித்திருக்கும் கம்பிக் கூட்டின் காதை ஆறு அரைச்சுற்றுத் திருப்பித் தளர்த்தும் கணத்திலிருந்து பெருவிரல் தக்கையை விட்டு அகலக் கூடாது. போத்தலை 45 பாகை சாய்த்து, தக்கையை அசையாமல் பிடித்தபடி போத்தலைத்தான் திருப்ப வேண்டும். ‘டப்’ என்ற சத்தம் கல்யாண வீட்டில் அழகு. நடுவர் முன்னால் புள்ளிக்குறைப்பு. 1.5 லீற்றர் போத்தலை வரிசையாக நிற்கும் கிளாஸ்களில், திரும்பிப் போய் நிரப்பாமல், ஒரே சுற்றில் சமமாக ஊற்றி முடிப்பது பெரிய போட்டிகளில் கேட்கப்படும் சோதனை. 15 கிளாஸ் என்றால் ஒன்றுக்கு 100 மில்லிலீற்றர். போதியளவு குளிராத ஷாம்பெயின் நுரைத்துப் பொங்கி மட்டத்தை மறைத்துவிடும். எவ்வளவு பழகிய கையும் அங்கே தடுமாறும்.

எங்கள் ஈரப்பதத்தின் தொல்லை வேறு. வாளியிலிருந்து எடுத்த போத்தலைத் துடைக்காமல் நீட்டினால் விருந்தினரின் மடியில் தண்ணீர் சொட்டும். அலுமாரியில் கவிழ்த்து அடைத்து வைத்த கிளாஸில் புழுங்கல் வாடை தங்கும். அதில் ஊற்றிவிட்டு ‘வைன் பழுது’ என்று திருப்பி அனுப்புவது வீண். தக்கையால் பழுதான வைனில் நனைந்த கார்ட்போட் மணக்கும். களஞ்சியத்தில் இரவில் ஏசியை நிறுத்தியதால் வெந்துபோன வைனில் காய்ச்சிய ஜாம் மணக்கும். மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவர், ஆண்டைச் சரியாகச் சொன்ன மாணவரைவிட ஒரு ஹோட்டலுக்குப் பெறுமதியானவர் என்பது என் கருத்து.

பழைய சிவப்பு வைனை மண்டி நீக்கி ஊற்றும்போது கழுத்துக்குக் கீழே மெழுகுதிரி வைப்பது மரபு. மின்விசிறிக்குக் கீழே அது நிற்காது. சிறு டோர்ச் போதும். தேவைப்படுவது வெளிச்சந்தான், மெழுகல்ல.

உலகின் சிறந்த சொமெலியரை, அதாவது வைன் தேர்ந்து பரிமாறும் வல்லுநரை, தெரிவுசெய்யும் போட்டி 1969 இல் தொடங்கியது. 2023 இல் பாரிஸில் வென்றவர் லாட்வியாவின் ரைமொண்ட்ஸ் டொம்சொன்ஸ். அங்கே தாய்மொழியில் போட்டியிட அனுமதியில்லை. ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்கும் எங்கள் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்: இலண்டன்காரரும் அந்த மேடையில் பிரெஞ்சு போன்ற வேறொரு மொழியில்தான் பேசியாக வேண்டும்.

இது குடிகாரத் தொழில் என்று தயங்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ருசி பார்ப்பவர் விழுங்குவதில்லை, துப்புகிறார். 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கும் நகரம் இது. கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டுக் குறிப்பெழுதும் தேயிலைச் சுவைஞர்கள் இங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள். பெரிய போட்டிகளில் தேநீர், கோப்பி பற்றியும் கேட்கிறார்கள். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்ற சர்வதேச நியமத்தில் தொடங்கினால் ஒரு துளி மதுவும் இல்லாமலே நாக்கைப் பழக்கலாம்.

உணவுக்குப் பொருத்தம் சொல்லும் சுற்றிலும் மாட்டிறைச்சியும் சீஸும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. யாழ்ப்பாணத்து நண்டுக் கறியை வைத்துக் கேளுங்கள். கூடிய மதுசாரம் மிளகாயின் எரிவை ஏற்றும். துவர்ப்பான சிவப்பு வைன் கசக்கும். புளிப்புக் குறைந்த வைன் புளிக்கு முன்னால் சப்பென்றாகிவிடும். மதுசாரம் குறைந்த, இலேசான இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் தாக்குப்பிடிக்கும்.

போட்டிகளை நடத்துவோரிடம் இரண்டு வேண்டுகோள். ஒவ்வொரு நடுவர் கையிலும் ஒரு வெப்பமானியைக் கொடுங்கள். கிளாஸில் ஊற்றிய வைனை அளந்து, அதற்குப் புள்ளிப் பத்திரத்தில் தனி இடம் வையுங்கள். ஒரு சுற்றையாவது ஏசி மண்டபத்துக்கு வெளியே, திறந்த விறாந்தையில் நடத்துங்கள்.

இப்படிக்கு,
பானப் பரிமாறல் பயிற்றுநர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06